கப்பல்கார அண்ணன் கூப்பிட்ட பெயர்கள்

அண்ணே,

இன்று காலை தீக்காயத்துக்குப் போடும் மஞ்சள் மருந்துப் புட்டியைத் திறந்தேன். படகில் எண்ணெய் கொதித்துக் கை வெந்துபோன மீனவர் ஒருவர் வந்திருந்தார். மூடி இறுகியிருந்தது. திருகிய வேகத்தில் மருந்து என் விரல்களில் வழிந்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் மஞ்சள் போகவில்லை. அந்தக் கறையைப் பார்த்ததும் பழைய பயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் வந்தது பயம்தான், நீங்கள் அப்புறம்தான் நினைவுக்கு வந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னை உங்களுக்குத் தெரியும்.

குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தபோது எதற்குப் பயப்படவில்லை? காய்ச்சலுக்குப் பயம், பாம்புக்குப் பயம், கங்காணியின் செருமலுக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே துரை. அந்த வெள்ளைக்கார மேனேஜரின் நாய் குரைத்தால்கூட நான் எழுந்து நிற்பேன் என்று என் மனைவி கேலி செய்வாள். அது பொய்யும் இல்லை.

அப்படிப்பட்டவனிடம்தான் உங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ரப்பர்ப் பாலைப் பதப்படுத்தும் ஸ்டோரில் நீராவி இஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல், சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கிய ஒருவரைத் துரை அழைத்து வந்திருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். வந்த வாரமே குழாய் வெடித்து முழங்கை வெந்துபோயிருந்தது. வாசலில் நீங்கள் நின்றபோது வாசலே மறைந்தது. அவ்வளவு கறுப்பான மனிதரை நானும் பார்த்ததில்லை, கூலிகள் குடியிருந்த லயத்துச் சனமும் பார்த்ததில்லை. பயத்தில் மருந்தை உங்கள் மேலெல்லாம் கொட்டிவிட்டேன். நீங்கள் வலியில் முணுமுணுத்தீர்கள். அது பிரெஞ்சு.

நான் காரைக்காலில் பாதிரிமார் பள்ளியில் படித்தவன். என்னையறியாமல் பிரெஞ்சிலேயே, "பொறுத்துக்கொள்ளுங்கள், இதோ முடிந்தது" என்றேன். உங்கள் கண் விரிந்தது. எந்த ஊர் என்று கேட்டீர்கள். சொன்னேன். "காரைக்கால்!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற கங்காணி பயந்து நகர்ந்தார். கடலுக்கு அப்பால் உங்கள் தீவிலும் கரும்புத் தோட்டங்களாம். உங்கள் முன்னோரைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோன அதே இடத்துக்குப் பின்னால் காரைக்காலிலிருந்து எங்கள் ஆட்களையும் கப்பலில் ஏற்றிப் போனார்களாம். பக்கத்து வீட்டுத் தமிழர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சொற்களைக் கடகடவென்று ஒப்பித்தீர்கள். சோறு, தண்ணி, மாரியம்மா, தம்பி. அன்றிலிருந்து நான் உங்களுக்குத் தம்பி.

கல்லறைத் திருநாள் வந்தது. தோட்டத்து வேதக்காரர்கள் பிற்பகலில் மெழுகுவத்தியோடு ரப்பர் காட்டு ஓரத்துக் கல்லறைக்குப் போனோம். நீங்களும் வந்தீர்கள். செபம் முடிந்ததும், என் செத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் தொடையில் தாளம் தட்டத் தொடங்கிவிட்டீர்கள். அது பாட்டும் இல்லை, பிரசங்கமும் இல்லை. நின்றபடி, மூச்சை இழுத்து இழுத்து, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சொல்கிற கவிதை. உங்கள் தீவில் சாவு வீட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். நான் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொன்னேன்.

"நான் கறுப்பு.
என்னைப் பெற்றவள் கறுப்பு.
அவள் தாயைக் கொண்டுவந்த கப்பலின் அடித்தட்டும் கறுப்பு.
அங்கே அவள் பாடினாள். அந்தப் பாட்டும் கறுப்பு.
அதைவிட அழகான ஒன்றை இந்த வெயில் இன்னும் பார்க்கவில்லை."

களை எடுக்கும் அருளாயி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லயம் முழுவதும் அவளைக் கறுப்பாயி என்றுதான் கூப்பிடும். "என்னா டிரஸ்ஸரய்யா, கறுப்பு அழகுன்னா சொல்றாரு? நெசமாவா? நீங்களா சேத்துச் சொல்றீங்களா?"

"அவரு சொல்றதத்தான் சொல்றேன்" என்றேன்.

பிறகு நீங்கள் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஒரு பெயர், ஒரு நிறுத்தம். "குவாசி!" என்றீர்கள். உங்கள் குரல் உரத்த குரல், அண்ணே. எங்கள் சனமோ விடிந்ததும் பெரட்டில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லியே பழகிய சனம். பின்வரிசையில் கண் சொக்கி நின்ற ஒரு பெரியவர் திடுக்கிட்டு, "இருக்கேன் சாமி!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டீர்கள். இருக்கிறேன் என்கிறார் என்றேன். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டுச் சனத்தின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தீர்கள். சிரிப்பு நின்றது. இந்த முறை நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். அதற்கப்புறம் எல்லாருமே. உங்கள் செத்தவர்கள் தீர்ந்ததும் அருளாயி தன் புருசன் பெயரைக் கூப்பிட்டாள். கப்பலில் செத்த பிள்ளைகள், காய்ச்சலில் செத்தவர்கள், பால் வெட்டப் போன இடத்தில் விழுந்து செத்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும், "இருக்கேன்." எனக்கு அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது. கங்காணி தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட ஆள் வந்தது. கங்காணி துரையிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "கப்பல்காரன் நம்ம ஆளுங்களுக்குப் பெரட்டு எடுக்குறான் தொர."

துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். "என் ஆளுக்குப் பெரட்டு எடுக்க அவன் யார்?" என்று மேசையைக் குத்தினார். நாளைக்குப் பெரட்டில் என் முன்னால் அதையே அவன் சொல்ல வேண்டும், நீ மாற்றாமல் சொல்ல வேண்டும், கெட்ட வார்த்தை ஒன்று இருந்தாலும் இரண்டு பேரையும் குளுவாங் போலீசில் கொடுப்பேன் என்றார். என் மனைவி அப்போது நிறைமாதம். வேலை போனால் வீடும் போகும். எங்கே கொண்டுபோய் வைத்து அவளுக்குப் பிரசவம் பார்ப்பேன்?

அன்று மாலை ஸ்டோரில் இஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. இரவே ஓடிப்போய்விடுங்கள் என்று உங்களைக் கெஞ்சினேன். பயமா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். "எனக்கும்தான்" என்று கையை நீட்டிக் காட்டினீர்கள். அந்தப் பெரிய கை நிஜமாகவே நடுங்கியது. "நான் ஓடினால் நாளை நீ தனியாக நிற்பாய். பயந்துகொண்டே சொல், தம்பி. நடுங்குகிற குரலும் காதில் விழும்."

விடியும்போது பனி இறங்கியிருந்தது. பால் வாளியும் அதைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்புமாகச் சனம் வரிசையில் நின்றது. ஒருவரும் தலை நிமிரவில்லை. துரைக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். நீங்கள் தொடையில் தட்டி ஆரம்பித்தீர்கள். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். "நான் கறுப்பு" என்றேன். உங்களுக்காகச் சொல்லத் தொடங்கியது, சொல்லி முடிப்பதற்குள் எனக்காகவும் ஆகிவிட்டது. என் கையைப் பார்த்தேன். அதுவும் கறுப்புத்தான், விரல் நுனியில் மட்டும் மஞ்சள். ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றிச் சொல்வதற்கும் நிதானம் வேண்டும், அது என்னிடம் இல்லை.

பெயர்களுக்கு வந்தீர்கள். "குவாசி!"

ஒருவரும் பேசவில்லை. துரை லேசாகச் சிரித்தார்.

"செலஸ்தின்!"

அதற்கும் பதில் இல்லை. அருளாயியின் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. கங்காணியின் பிரம்பு அவளுக்கு அருகிலேயே இருந்தது. இப்படியே முடிந்துவிட்டால் தப்பித்தோம், யாரும் வாய் திறக்காமல் இருந்தால் போதும், மாதாவே, என்று நான் வேண்டிக்கொண்டேன்.

நீங்கள் மூன்றாவதாகக் கூப்பிட்டது உங்கள் அம்மாவை. "ரோசாலி!" குரல் உடைந்தது. அந்தப் பெயர் பனிக்குள் போய்த் தனியாக நின்றது. அதை என்னால் தாங்க முடியவில்லை, அண்ணே.

"இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. கீச்சென்று, கேவலமாக. துரை என் பக்கம் திரும்பிய பிறகுதான் அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது. கால் சட்டை நனைந்துவிட்டது. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"இருக்கேன் சாமி!" என்றாள் அருளாயி. அப்புறம் வரிசை முழுவதும் சொன்னது.

அன்றைய ரயிலிலேயே உங்களை ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் நடக்க நீங்கள் ஆஸ்பத்திரியைக் கடந்து போனீர்கள். கிட்ட வர விடவில்லை. தொடையில் மட்டும் ஒரு தடவை தட்டிக் காட்டினீர்கள். மாற்று டிரஸ்ஸர் வந்ததும் என்னையும் அனுப்பினார்கள். அதற்குள் எனக்குப் பெண் பிறந்துவிட்டது. கைக்குழந்தையோடு இந்தக் கடலோரப் பொந்தியானுக்கு வந்து, சின்னதாக ஒரு மருந்துக் கடை வைத்தேன். இங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ராவுத்தரின் மைத்துனர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஏதோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் இறந்துபோனதாக அவர்தான் வந்து சொன்னார். அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் இன்னும் பயந்தாங்கொள்ளிதான். போலீஸ்காரர் மாத்திரை வாங்க வந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் விடிந்ததும் வருகிறது. மகள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். அன்று முதல் கண் விழித்ததும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதில் வரும்வரை எனக்கு மூச்சு வராது.

இன்றும் கூப்பிட்டேன்.

"ரோசாலி!"

அடுப்பங்கரையிலிருந்து, வாய் நிறையப் பசியாறிக்கொண்டே, "இருக்கேம்ப்பா!" என்றாள்.