யார் பட்டியலிலும் வராத ஆஸ்பத்திரி

அடையாறு அலுவலகத்தின் கூட்ட அறையில் இன்று காலையும் அதே ஈர வாடை. நேற்றைய மழை சுவரில் இறங்கியிருந்தது. மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் வர அரை மணி நேரம் இருந்தது. நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். உன்னை முதலில் பார்த்ததும் இந்த அறையில்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு, கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த உங்கள் குடியிருப்புக்கு உதவ அந்த நாடுகள் முன்வந்திருந்தன. ஒரே வேலையை மூன்று பேரும் செய்துவிடாமல் திட்டங்களை ஒன்றுசேர்ப்பது என் பொறுப்பு. அன்றைய கூட்டத்தில் மூவருமே கழிப்பறைதான் கட்டுவோம் என்றார்கள். பெண்கள் குழுத் தலைவியாக வந்திருந்த நீ எழுந்தாய்.

"மூணு பேரும் கக்கூஸ் கட்டினா தண்ணி யாரு குடுப்பா? மூணு வாட்டி வூட்டுக்கு வந்து அதே கேள்வியக் கேட்டீங்களே, ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் படிக்கவே மாட்டீங்களா?"

நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். கோபித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில், தண்ணீர் வசதியும் தேவை என்கிறார் என்று முடித்துவிட்டேன். நீ என்னையே பார்த்தாய்.

"நான் அவ்ளோ பேசினேன். நீ இன்னாம்மா ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட?"

ஒரு சொல் விடாமல் மறுபடி சொன்னேன். ஒருவர் ஃபைலை மூடினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் மதியத்துக்குள் தண்ணீர், கழிப்பறை, சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். "பயந்துகினே பேசின, ஆனா பேசிட்டியே!" என்று சிரித்தாய்.

கட்டத் தொடங்கும் முன்பே அரசு உங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றிவிட்டது. புது இடத்துக்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்தியபோது ஆஸ்பத்திரி மட்டும் எந்த நாட்டின் பட்டியலிலும் வரவில்லை. அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். நீ போன் செய்யும்போதெல்லாம், "எழுதியிருக்கேன்" என்பேன்.

"எழுதின, சரி. நேர்ல கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டால் இருப்பதும் கைவிட்டுப் போகுமோ என்று தள்ளிப்போட்டேன். ஒரு மத்தியானம் உனக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்தில் டாக்டர் இல்லை. ஆட்டோவில் நகரத்துக்குக் கிளம்பிய நீ வேளச்சேரியைத் தாண்டவில்லை; வழியிலேயே உயிர் போய்விட்டது. உன் மகள்தான் போன் செய்து சொன்னாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று கூட்டத்தில் நேராகவே கேட்டேன். "அங்கே ஆஸ்பத்திரியை யார் கட்டுகிறீர்கள்?" அடுத்த விஷயத்துக்குப் போகலாமே என்றார் ஒருவர். "பதில் வரட்டும் சார்" என்றேன். கடைசியில் ஓர் அம்மையார், தங்கள் நாடு கட்டித்தரும் என்றார். எப்போது என்று கேட்டு, கையெழுத்தும் வாங்கினேன்.

இருந்தும் நிம்மதியில்லை. வாக்குக் கொடுத்தவர்கள் மாற்றலாகிப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்குள் வேலையைத் தொடங்கிவிட, நாளை உன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இடம் அளக்கப் போகிறேன். பயமும் கூடவே வரும். வரட்டும்.