ஹலீமா வீட்டுக் கிணற்றை மூடுவதற்கு முன்

அல்லாஹ் துணை

அன்பு மகள் ஷமீராவுக்கு உன் அம்மா ஆமினா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தாவும் எழுந்து நடமாடுகிறோம், போட்ட சோறு இறங்குகிறது, அந்த மட்டுக்கு சுகம்தான். நீ சுகம் என்று சொல்வதை நம்புகிற மாதிரி இல்லை. போன தடவை பேசும்போது மூக்கை உறிஞ்சிவிட்டு ஜலதோஷம் என்றாய், அம்மா என்று கூப்பிட்டதும் வருகிற ஜலதோஷம் கவுகாத்தியில் மட்டும்தான் இருக்கும் போலிருக்கிறது. கையில் போன் இருக்க எதற்கு இந்த அம்மா பேனாவைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நீ அழுகிறாய், அவர் எழுந்து போய்விடுகிறார், நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இதை அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன், கடைத்தெருவுக்குப் போகிற சாக்கில் கூரியரில் போட்டுவிடுவேன். கையில் கிடைத்ததும் ஓரமாக உட்கார்ந்து முழுசும் படி, பாதியில் எனக்குப் போன் பண்ணாதே.

படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னாய் அல்லவா, சொந்தத் தெருத் தண்ணீரையே நாறடித்தவளுக்கு சுற்றுச்சூழல் இன்ஜினியர் பட்டம் ஒரு கேடா என்று. பைத்தியம் மாதிரிப் பேசாதே என்று அத்தா அதட்டினார். எனக்கு அதட்டவும் வாய் வரவில்லை, சரி வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. காரணம், நாங்கள் உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டோம். நீ பிளான் போட்ட குழி நாறியது, நாலைந்து வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்தது, எல்லோரும் தேறிவிட்டார்கள் என்றுதான் உனக்குச் சொன்னோம். எல்லோரும் தேறவில்லை ஷமீரா. உன் சிநேகிதி ஹலீமா ஏன் போனை எடுப்பதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் அவள் போன் ரிப்பேர் என்று சொன்னேன் பார், அது பொய். அவளுடைய பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. எட்டாம் மாதம். பெண் பிள்ளை.

எனக்கு இதை முன்னும் பின்னுமாகச் சொல்லத் தெரியவில்லை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடல் உப்பு ஏறி நம் தெருக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துகொண்டிருந்த காலத்தில் நீ லீவுக்கு வந்தாய். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்கிற தண்ணீர் சாக்கடையில் ஓடி வீணாகிறது, அதை மணலும் கரியும் ஜல்லியும் போட்ட குழியில் இறக்கினால் கிணறுகளுக்கு நல்ல தண்ணீர் ஊறும் என்று ஜமாஅத் ஆட்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் காட்டினாய். அத்தா தன் கடையிலிருந்தே பைப் எடுத்துக் கொடுத்தார், மகள் போட்ட பிளான் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்கினார். குழி வெட்டியது ஹலீமா வீட்டுச் சுவரை ஒட்டி. அவள் மாமியார் முடியவே முடியாது என்றபோது உனக்காக மல்லுக்கு நின்றது அவள்தான், பிளஸ்டூ வரை உன்கூட ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் வேறு என்ன செய்வாள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் அவள் கிணற்றில் உப்பு குறைந்திருந்தது. டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், பாருங்க மாமி, திரியல என்றாள். அன்றோடு கேன் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினாள்.

அப்புறம் நோன்பு வந்தது. பள்ளிவாசல் பின்பக்கம் கஞ்சி காய்ச்சுகிற கொட்டகையை ஒட்டி ஒரு வாய்க்கால் உண்டே, அண்டாக்களை அங்கேதான் கழுவுவார்கள். இந்த வருஷம் ரோடு போடுகிறேன் என்று மண்ணைக் கொட்டி அதை அடைத்துவிட்டார்கள். மிச்சம் தெருச் சாக்கடைதான். நோன்புக் கஞ்சி ஒட்டிய அண்டாவைச் சாக்கடையிலா கழுவுவது, எத்தனை பேர் நோன்பு திறந்த பரக்கத், அல்லாஹ் கொடுத்த அருள், அது மூத்திரத்தோடு ஓடலாமா என்று கஞ்சி காய்ச்சுகிற பண்டாரி தவித்துப்போனார். ஒளுத் தண்ணீர் போகிற குழி சுத்தமான இடம்தானே, அதில் போகட்டும் என்று அங்கே கழுவ ஆரம்பித்தார். அரிசி, கறிக் கொழுப்பு, தேங்காய்ப்பால், வெந்தயம் எல்லாம் தினமும் உன் மணலுக்குள் இறங்கியது. ஜமாஅத் செயலாளர் ஜாஃபர் சாதிக் பார்த்துவிட்டு நல்ல யோசனை என்றார். எனக்கும்கூட அது மரியாதையான காரியமாகத்தான் பட்டது, யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. ஒளுத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது என்று நீ சொன்னாய்தான், ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர்களிடம் சொன்னாய், அண்டா கழுவுகிறவரிடம் சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை, மறைத்தால் நானும் உன்னிடம் பொய்யே சொல்லிக்கொண்டிருப்பேன் என்பதால் எழுதுகிறேன்.

ஹலீமா நிறை மாசத்தை நெருங்கியவள். உனக்கு நோன்பு கடமை இல்லை, விட்ட நோன்பைப் பிள்ளை பிறந்த அப்புறம் களா செய்துகொள்ளலாம் என்று அவள் மாமியாரும் சொன்னார், நானும் சொன்னேன். கேட்கவில்லை. சார்ஜாவில் இருக்கிற அவள் புருஷன் சைபுல்லாவுக்கு வேலை ஆட்டம் கண்டுகொண்டிருந்தது, அவருக்காக துஆ கேட்கணும் மாமி, நோன்பு இல்லாமல் எப்படிக் கேட்பது என்றாள். நோன்பு திறந்ததும் கிணற்றுத் தண்ணீரைத்தான் செம்பு செம்பாகக் குடித்திருக்கிறாள். நோன்பின் கடைசிப் பத்து நாளில் வாந்தியும் போக்கும் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், போகும்போதே பிள்ளை அசையலை என்று சொல்லிக்கொண்டே வந்தாள், என் கையைத்தான் பிடித்திருந்தாள். சைபுல்லா பிள்ளையின் முகத்தைப் போனில் பார்த்தான். லீவு கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது உன் அத்தா. வந்து குளித்துவிட்டு, ஷமீராவிடம் இதைச் சொன்னால் நான் மனுஷனாக இருக்கமாட்டேன் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். தெருவே மூடிக்கொண்டது, உன்மேல் இருக்கிற பிரியத்தால் கொஞ்சம், உன் அத்தா முகத்துக்காக மிச்சம்.

தண்ணீரால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தெரு இரண்டாகிவிட்டது. பாதிப் பேர் உன் குழிதான் காரணம் என்கிறார்கள், நான் ரேஷன் கடையில் போய் நின்றால் பேச்சை நிறுத்துகிறார்கள். உன் அத்தா எப்போதும் முதல் வரிசையில் நின்று தொழுகிறவர், இப்போது செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு சலாம் கொடுத்த கையோடு வெளியே வந்துவிடுகிறார். மீதிப் பேர், ஹலீமாவின் மாமியார் உட்பட, அவள் பிடிவாதமாக நோன்பு வைத்ததுதான் காரணம் என்கிறார்கள். அந்தம்மா கெட்டவர் இல்லை, பேத்தி போன துக்கம், ஆனால் சோறு போடும்போதும் சொல்கிறார், துணி மடிக்கும்போதும் சொல்கிறார். நீயே தின்னுட்டியே என் பேத்திய என்று ஒருநாள் கத்தியது நம் கொல்லை வரைக்கும் கேட்டது.

இப்போது குழியையும் ஹலீமா வீட்டுக் கிணற்றையும் மண்ணைப் போட்டு மூடிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். யோசனை சொன்னது யார் தெரியுமா, உன் அத்தா. ஜாஃபர் சாதிக் உடனே சரி என்றார், மூடினால் அவருக்கும் நல்லதுதான். குறுவைக்கு உழவு ஓடிக்கொண்டிருப்பதால் மண் அடிக்க டிராக்டர் கிடைக்கவில்லை, அதனால்தான் இன்னும் திறந்து கிடக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வந்து நடவு ஆரம்பித்துவிட்டால் டிராக்டர் ஓய்ந்துவிடும். மூடியாகிவிட்டால் எது காரணம் என்று யாரும் எப்போதும் சொல்ல முடியாது, என் மகள் பெயர் தப்பிக்கும் என்றார் உன் அத்தா. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. தாய் மனசு, வேறெப்படி இருக்கும்.

முந்தாநாள் ஹலீமா வந்தாள். பிள்ளை போன பிறகு முதல் தடவையாக நம் வாசல்படி ஏறினாள். பாதியாக இளைத்துவிட்டாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூட விடாதீங்க மாமி என்றாள். என் புள்ளைய நான்தான் கொன்னேன்னு தினமும் கேக்குறேன். நோன்பாலயா தண்ணியாலயான்னு எனக்குத் தெரியணும். ஷமீராதானே அதைப் படிக்கிறா, அவளை வந்து பாக்கச் சொல்லுங்க, அவ சொன்னா நம்புவேன் என்றாள். உன்மேல் கோபமா என்று கேட்டேன். அது எனக்கு இன்னும் தெரியல மாமி, அவ வந்து சொன்னப்புறம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு நான் என்ன நினைத்தேன் என்று எழுதுகிறேன், நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். யா அல்லாஹ், நோன்பாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ தப்பிக்க வேண்டுமென்றால் அவள் மாட்டிக்கொள்ள வேண்டும், அதையும் நான் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெண் அவள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு ருசிக்கவில்லை.

அதனால்தான் வா என்று எழுதுகிறேன். படிப்பை விட்டுவிட்டு அழுதுகொண்டு வருவதாக இருந்தால் வராதே, அந்த அழுகை அவளுக்கு எதற்கு உதவும். உன் வாத்தியார்களிடம் கேள், இத்தனை நாள் கழித்து அந்தத் தண்ணீரிலிருந்தும் மணலிலிருந்தும் எது தெரியும், எது தெரியாது என்று நன்றாகக் கேட்டுக்கொண்டு வா. உனக்கு எதிராக வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அத்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன், கத்துவார், கத்தட்டும். டிராக்டர் வந்தால் குழி ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன், ஆமினாவை இறக்கிவிட்டு மண்ணைக் கொட்ட ஜாஃபர் சாதிக்குக்குத் தைரியம் வராது.

ரயிலில் தனியாக வருகிறாய், மேல் பர்த் கேட்டு வாங்கு, வெளியே விற்கிற தண்ணீரைப் பார்த்துக் குடி. தண்ணீர் பிடிக்கிற குப்பிகளை மறக்காமல் கொண்டு வா. அல்லாஹ் உனக்கு நல்ல அறிவையும், அதை வாயைத் திறந்து சொல்கிற பலத்தையும் கொடுக்கட்டும், போகிற வழியும் வருகிற வழியும் உனக்கு லேசாகட்டும். வந்து இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, நேராக ஹலீமா வீட்டுக்குப் போ. என்ன தெரிந்தாலும் என்னிடம் முதலில் சொல்லாதே மகளே. எது நல்ல சேதி என்று எனக்கே தெரியவில்லை.

உன் வரவை எண்ணிப் பயந்தும் காத்தும் இருக்கிற
உன் அம்மா
ஆமினா நெய்னா முகம்மது