கட்டக்கூடாத கேபிள்

மார்ச் 4
விண்வெளி நிலையத்தில் நான் வடிவமைத்த அதிர்வு தடுக்கும் மேடை மிதக்க ஆரம்பித்து இரண்டு நாள். காந்தம் தாங்குகிறது, மேடைக்கும் நிலையத்தின் சுவருக்கும் உறவு ஒரே ஒரு கேபிள். பக்கத்தில் யார் உடற்பயிற்சி செய்தாலும், எந்தப் பம்பு உறுமினாலும் மேடைக்குத் தெரியக்கூடாது. அதற்குத்தான் ஐந்து வருஷ உழைப்பு. ஆனால் இங்கே தரையில், என் திரையில் அதிர்வைக் காட்டும் கோடு நடுங்குகிறது!

மேடையில் வளர்வது மருந்து ஆராய்ச்சிக்கான படிகங்கள். அவற்றின் சொந்தக்காரரை அலுவலகமே படிகக்காரர் என்றுதான் கூப்பிடும். ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே வாய்ப்பு அவருக்கு. "இன்னும் நாலு நாள் இப்படியே ஆடுனா எல்லாம் விரிசல்தாம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 5
காந்தம் சரி. மென்பொருள் சரி. நான்தான் சரியில்லை.

மார்ச் 6
அக்கா வந்து மூன்று நாளில் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டாள். என் செருப்புகூட ஜோடியாக நிற்கிறது. காலையில் வாஷிங் மெஷினைப் போட்டதும் சுவரே கடகடவென்று ஆடியது. என்றைக்கும் இல்லாத கூத்து. போய்ப் பார்த்தால், தொங்கிக்கொண்டிருந்த மெஷினின் தண்ணீர்க் குழாயை இழுத்துச் சுவரோடு இறுக்கிக் கட்டியிருக்கிறாள். மெஷினின் ஆட்டமெல்லாம் அது வழியாகச் சுவருக்கு.

"அசிங்கமா தொங்கிச்சு, கட்டிட்டேன். அதுக்கு ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

கேபிள்! அதை மேலே நிலையத்தில் யாராவது இப்படிச் சுவரோடு கட்டியிருந்தால்?

மேடையைப் பொருத்த வீரர்களுக்கு நான் எழுதிய செய்முறையைப் புரட்டினேன். நாற்பத்தொரு பக்கம். கேபிளைத் தளர்வாக விடச் சொல்லி ஒரு வரி இல்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேனே, என்ன மண்டைக்கனம் எனக்கு!

மார்ச் 7
மேலிருந்து படம் வந்தது. கேபிளை மூன்று இடத்தில் சுவரோடு அழகாகக் கட்டியிருக்கிறது.

கூட்டத்தில் தலைவர், "விண்வெளி வீராங்கனை தவறுன்னு அறிக்கையில போட்டுடலாம்" என்றார். "அவங்க மேல தப்பில்ல சார். நான்தான் எழுதாம விட்டேன்." தலைவர் பேனாவை மூடிவிட்டார்.

மதியம் வீராங்கனை கேபிளை அவிழ்த்தார். பத்தே நிமிடத்தில் கோடு அடங்கியது. அப்பாடா! பக்கத்து மேசைக்காரியைக் கட்டிப்பிடித்து அழுதேன், வெட்கமே இல்லாமல். மேலிருந்து குரல் வந்தது: "எதையாச்சும் கட்டாம விட்டா எனக்குத் தூக்கமே வராதுங்க." என் அக்காவுக்கு அங்கேயும் ஒரு தங்கை!

மார்ச் 8
கோடு அசையவில்லை. இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

மார்ச் 29
படிகங்கள் தரைக்கு வந்துவிட்டன. படிகக்காரர் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, "நீயே பாரும்மா" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. முதல் நாட்களில் வளர்ந்த இரண்டில் விரிசல். மீதி பதினேழும் சுத்தம்.

மாலையில் ஊரிலிருந்து அக்காவின் போன். சொன்னேன். "நீ அவுத்துவிட்ட குழாய மறுபடி கட்டலையே?" என்றாள்.

"இல்லக்கா. தொங்குது."

"சரி, தொங்கட்டும்" என்றாள்.

என் அக்காவா இது!