பூதத்துக்கு விட்டுவைத்த வழி

உன்னைக் கொன்றது லாரி இல்லை, ஒரு மனு. அதை எழுதியவள் நீ. அதில் ஒரு வரியை அடித்தவள் நான்.

இன்று மத்தியானம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், ஜூஸ் கடைக்காரர் கை தவறி ரோஸ்மில்க் எசன்ஸ் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். சூடேறிய சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஓடியது. எல்லோரும் செருப்பில் ஒட்டாமல் விலகிப் போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. மற்றவர்களுக்கு அது பாலில் கலக்கும் வாசனை. எனக்கு அது ரத்த வாசனை. உன் கழுத்தில் நானே பூசிய ரத்தம்.

நாம் ஒன்பதாவது படித்தபோது உன் அப்பா சந்தையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தார். அதில் இருந்த நாலு படங்களில் மூன்று ஓடவில்லை. ஓடியது, தமிழில் பேசவைத்த ஒரு வெள்ளைக்காரப் பேய்ப்படம். கிணறு தோண்டும்போது கிடைத்த செம்புப் பானையிலிருந்து தோல் உரிந்த பூதம் ஒன்று வரும். ஆளுக்கு மூன்று வரம். கேட்டதைக் கேட்டபடியே கொடுக்கும். இலவச டிவியில் அதை எத்தனை தடவை போட்டோம் என்று கணக்கே இல்லை. மனைவி தன்னை விட்டு ஒரு நிமிஷமும் பிரியக்கூடாது என்று கேட்டவனின் முதுகில் அவளைச் சேர்த்துத் தைத்துவிடும். இனிமேல் பசியே எடுக்கக்கூடாது என்ற முதலாளியின் வயிற்றை உருவி, அவன் சாப்பாட்டு மேஜையிலேயே வைக்கும். உன் அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "அந்த எழவ நிறுத்துங்கடி, சோறு எறங்க மாட்டேங்குது" என்பார். நீ சிரிப்பாய்.

"கேட்டதத்தானே குடுத்துச்சு? பூதத்து மேல இன்னா தப்பு? கேக்கத் தெரியாதவன் சாவறான்."

அந்த வயதில் உனக்கு அது வேடிக்கை. எனக்கும்தான்.

பிறகு நாமே ஒரு பூதப்படம் எடுக்கக் கிளம்பினோம். கம்பெனியில் சேர்ந்து நான் வாங்கிய முதல் போனில். ஞாயிற்றுக்கிழமை கல் உடைக்கும் கிரஷர் ஓடாது. அதன் பின்னால் இருந்த ஜல்லி மேடுதான் நம் பாலைவனம். ரோஸ்மில்க் எசன்ஸில் மைதாவைக் கரைத்து உனக்குப் பூசினேன். பத்து நிமிஷத்தில் எறும்பு ஏறிவிட்டது. பூதம் சொறிந்துகொண்டே வசனம் பேசியது. சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"யார் வூட்டுப் பொண்ணுங்க நீங்க? இன்னாம்மா இது, மேலெல்லாம் ரத்தம்?"

"நான் பூதம்ண்ணே. இன்னா வேணும், கேளு."

அவர் கையிலிருந்த தடியைக் கீழே போட்டார். "ஒரு கொசுவலை குடு. தூங்கவே முடியல."

"குடுப்பேன். அப்புறம் அதுலயே சுத்திப் பொதச்சிடுவேன்."

"அப்ப வாணாம்மா. கொசுவே கடிக்கட்டும்."

நம் இரண்டு பேரையும் விட அந்த மனிதருக்குத்தான் படம் புரிந்திருந்தது.

அந்த கிரஷர் லாரிகள்தான் நம் காலனித் தெரு வழியாகப் போயின. தார் போட்ட அகலமான ரோடு ஊர்த்தெருவில் இருந்தது. அதில் ஒரு லாரியும் போகாது. ஊர்க்காரர்கள் அதற்காக மனு எழுதவில்லை. ஒரு போன் செய்தார்கள், அவ்வளவுதான். நமக்குப் போன் செய்ய ஆள் கிடையாது, அதனால் மனு. முதல் மனுவில் புழுதி அடங்கத் தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கக் கேட்டாய். பதிலே இல்லை. இரண்டாவது மனுவை நீ ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு எழுதினாய். எங்கள் தெரு வழியாக லாரி வரக்கூடாது. கீழே இன்னொரு வரி: நாங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கும் ஏரிக்கரை வழியாகவும் வரக்கூடாது.

மனு நாளில் கலெக்டர் அலுவலகத்து வாசலில், மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் அதை வாங்கிப் படித்தார். "ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதாம்மா. தெரு பஞ்சாயத்துக்கு, ஏரிக்கரை வேற துறைக்கு. ரெண்டையும் சேத்துக் குடுத்தா ரெண்டு பேரும் பாக்க மாட்டாங்க" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"அடிக்காதடி. பூதத்துக்கிட்ட கேக்கும்போது எல்லா வழியையும் அடைக்கணும். ஒண்ணு விட்டா அதுலதான் வரும்."

"இது படம் இல்லடி" என்றேன். "இப்ப கரைமேல லாரியா போவுது? போனா அப்ப பாத்துக்கலாம்."

நீ கையை எடுத்துவிட்டாய். உன் மேல் எனக்குள்ள கோபம் அதுதான். எல்லோரிடமும் சண்டை போடுகிறவள், அன்றைக்கு என்னிடம் ஏன் போடவில்லை? நான் உன்னைவிடக் கூடப் படித்தவள், எனக்குத் தெரியும் என்று நினைத்தாயா?

பதினைந்து நாளில் போனுக்குச் செய்தி வந்தது. மனு ஏற்கப்பட்டது. நீ பஸ் ஸ்டாண்டில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாய். "மொத தடவையா நம்மள மனுசனா பாத்துக்கினு கீறாங்கடி" என்றாய். அந்த வாரமே தெருமுனையில் பெயிண்ட் வாசனை போகாத புதுப் பலகை நின்றது. கனரக வாகனங்கள் ஏரிக்கரை வழியாகச் செல்லவும். கூடவே ஓர் அம்புக்குறி.

நாம் கேட்டதை, கேட்டபடியே கொடுத்திருந்தார்கள்.

பலகையைப் பார்த்துவிட்டு நீ சிரிக்கவில்லை. "சொன்னேன் இல்ல?" என்று மட்டும் கேட்டாய். அடுத்த மனு நாள் நம் இருவருக்கும் காலை ஷிஃப்ட். அதற்கடுத்த மனு நாளுக்கு நீ இல்லை. கரைமேல் ஒரு லாரி போனால் ஆள் ஒதுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் முள். விடிகாலை, புழுதி. எனக்கு அன்றைக்கு வார லீவு. பாதையைக் கவனிக்காமல் நடந்தாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். நீயா கவனிக்காதவள்?

அந்தப் படத்தில் ரத்தம் கேமராவைப் பார்த்துப் பீய்ச்சி அடிக்கும். கரையில் அப்படி எதுவும் இல்லை. மண் குடித்துவிட்டது. உன்னை வண்டியில் ஏற்றிய அரை மணி நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்து, அந்த இடத்தில் நன்றாகத் தெளித்துவிட்டுப் போனது. உன் முதல் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது.

அந்தச் சிடியை உன் அம்மா உடைத்து அடுப்பில் போட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நமக்கு உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் மனு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். உயர்திரு என்று தொடங்கவும், இப்படிக்கு என்று முடிக்கவும். நடுவில் எழுதுகிற வரி யாரைக் கொல்லும் என்று சொல்லவில்லை.

போன வாரம் உன் அம்மா ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். ஏரிக்கரையில் இப்போதும் பெண்கள் அதே நேரத்துக்கு நடக்கிறார்கள், லாரிகளும் அதே நேரத்துக்கு வருகின்றன.

"நீ எழுதிக் குடும்மா. அவ இருந்தா எழுதியிருப்பா."

அடித்த வரியைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் வரக்கூடாது என்று எழுதினால், அடுத்தது பள்ளிக்கூடத்துப் பாதை. அதையும் சேர்த்தால் சுடுகாட்டு வழி. உன்னைத் தூக்கிக்கொண்டு போன வழி. எல்லாவற்றையும் எழுதினால் மரத்தடிப் பெரியவர் திருப்பித் தருவார், ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதாம்மா என்று. ஊர்த்தெரு வழியாகப் போகட்டும் என்று எழுதலாம். அப்படி எழுதிய தாள் காலனியைத் தாண்டாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழு தாள் கிழித்துவிட்டேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்ததும் பழைய போனைச் சார்ஜில் போட்டேன். நம் படத்தில் மிச்சமிருப்பது ஒரு துண்டுதான், பன்னிரண்டு நொடி. ஜல்லி மேட்டின் மேல் நிற்கிறாய். கழுத்து முழுக்க எசன்ஸ். ஓர் எறும்பு உன் தாடையில் ஏறுவதுகூடத் தெரிகிறது. நேராக என்னைப் பார்த்து, "இன்னா வேணும், கேளு" என்கிறாய். அதோடு நின்றுவிடுகிறது. மறுபடி போடுகிறேன். மறுபடியும் கேளு என்கிறாய்.

கேட்கிறேன். உன் அம்மா கொடுத்த தாள் முன்னால் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. யாரும் சாகாமல் கிடைக்க, எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல். ஒரே ஒரு வரி. சொல்லுடி, எழுதிக்கொள்கிறேன்.