நகராமல் நின்ற காற்று

வானிலை அதிகாரி அம்மாவுக்கு,

நான் நலம். முகாம் நர்ஸம்மா எழுதித் தருகிறாள்.

நேற்று மைதானத்துக்கு அப்பால் சுழல்காற்று தூண் மாதிரி நின்றது. இடமும் வலமும் அசையாததால் சாவகாசமாக வேடிக்கை பார்த்தேன். "நகராம நிக்கிற மாதிரி தெரிஞ்சா நம்மகிட்டதான் வருதுன்னு அர்த்தம், வாயப் பொளந்துட்டு நிக்காதீங்க" என்று நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. அன்று சிரித்துக்கொண்டே உனக்கு 'வானிலை அதிகாரி' என்று பட்டம் கொடுத்தவன், நேற்று ஜன்னலில்லாத குளியலறைக்குள் ஓடி, கட்டில் மெத்தையைத் தலைமேல் இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் கூரையைக் காணோம்.

"பாட்டிக்கு இன்னுமா கோவம் இருக்கும்? திரும்பி வரச்சொல்லி எழுதட்டுமா தாத்தா?" என்கிறாள் நர்ஸம்மா. கூரையில்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது? வேண்டாம் என்றேன். மெத்தைக்கடியில் இன்னும் ஒருவருக்கு இடமிருந்தது என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

உன் வீட்டுக்காரன்