எல்லா ஸ்டாப் பெயரும் சொல்லுவாள்

நூம்பல்,
மார்ச் 8, ஞாயிறு.

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

டில்லிபாபு எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. எழுதினால் பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? நைட் டூட்டி மாறியதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது இவன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பாய். பிள்ளை காவ்யா பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். மெசேஜ் போட்டால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. உன்னோடு மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற லாவண்யா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கோபம் வந்தால் கிழித்துப் போடு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் நீ வரும்வரை பிள்ளையை எந்த டாக்டரிடமும் காட்டக் கூடாது என்று பொங்கலன்று சொன்னாய். நானும் சரி என்று மெசேஜ் போட்டேன். ஆனால் போன மாதம் காட்டிவிட்டேன். ஏன் காட்டினேன் என்று தெரிய வேண்டுமானால் டிசம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால், தீபாவளி கழிந்ததும் ஸ்கூலில் ஸ்வாதி மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காவ்யா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்ற பிள்ளைகளோடு சேர்வதில்லை, பேசுவதில்லை, வாசலில் கிடக்கும் ஷூக்களை வரிசையாக அடுக்குகிறாள், ஒன்று கலைந்தால் கத்துகிறாள், ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இன்னா மிஸ் பேசறீங்க? எம்பொண்ணு வேலப்பன்சாவடிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் எல்லா ஸ்டாப்பும் சொல்லுது, அதப் போய் பேசலன்றீங்களே" என்று பத்துப் பேர் பார்க்கக் கத்திவிட்டு வந்தேன்.

நாம் எல்லோரும் அதைத்தானே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்? குப்பம்மா அக்கா வீட்டுக்காரர் செங்கல்வராயன் மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரியே, "குமணன்சாவடி கரையான்சாவடி பூந்தமல்லி, ஏறு ஏறு ஏறு" என்று அதே குரலில், அதே இழுப்பில் காவ்யா சொல்லுவாள். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவாள். யாராவது வீட்டுக்கு வந்து பிள்ளை இன்னும் பேசவில்லையா என்று கேட்டால் உடனே அவளைச் சொல்லச் சொல்லிக் காட்டுவோம். வந்தவர்கள் வாய் அடைத்துப் போகும். தண்ணீர் வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதை நாமும் யோசிக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். காவ்யா கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு, தொண்டை கிழிய ஸ்டாப் பெயரைக் கத்தினாள். நிறுத்தவே இல்லை. ஆட்டோக்காரர்கள் ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஆள் கூப்பிடுவார்கள் அல்லவா, அதைத்தான் செய்து காட்டுகிறாள் என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "மாமே, கொயந்தைக்கு இப்பவே லைசென்ஸ் எடுத்துக் குடுத்துடு" என்றார் ஒருத்தர். நான் போனில் பிடித்து உனக்கு அனுப்பினேன். நீ வரிசையாக ஹார்ட் போட்டாய். உன் சிநேகிதிகள் குரூப்பிலும் போட்டதாகச் சொன்னாய்.

மறுநாள் காலையில் தலையணையெல்லாம் சீழும் ரத்தமும். பூந்தமல்லியில் காது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜவ்வு ஓட்டையாகிவிட்டது, மூன்று நாளாவது வலித்திருக்கும், பிள்ளை சொல்லவே இல்லையா என்று கேட்டார். நன்றாகப் பேசுவாள் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை கார்த்தி.

காது வலி, மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டது என்று மட்டும்தான் உன்னிடம் அப்போது சொன்னேன். அந்த வீடியோவில் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு அழத் தெரிந்த விதம் அதுதான். தயவுசெய்து அதை அழித்துவிடு. குரூப்பிலிருந்தும் எடுக்கச் சொல்.

ஜவ்வு ஆறியதும் அந்த டாக்டரே காது கேட்கும் சோதனை செய்தார். காதில் ஒரு குறையும் இல்லை, பிள்ளை வளர்ச்சி பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். ஸ்வாதி மிஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரிடமே போய் நின்றேன். கோபமே இல்லாமல் அம்பத்தூரில் ஒரு இடத்தின் விலாசம் எழுதிக் கொடுத்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அங்கே நிவேதிதா டாக்டர் இரண்டு மணி நேரம் பார்த்தார். சோப்புக் குமிழி ஊதி விளையாட்டுக் காட்டினார், பொம்மையைக் கொடுத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் என்னை உட்காரவைத்துச் சொன்னார். நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்டிசம். போனில் இந்த வார்த்தையை நீ சொல்லவிட்டதே இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அங்கே வார்டில் அடுத்தவர் பிள்ளை நடந்து வருவதைப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லுவாயாம், லாவண்யா பெருமையாகச் சொன்னாள். நம் பிள்ளை என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறாய். எனக்கு ஆத்திரம் வருகிறது கார்த்தி. மறைத்து எழுதத் தெரியவில்லை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் தெரபிக்குக் கூட்டிப் போகிறேன். வேலை செய்கிற இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பெர்மிஷன் கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். வண்டியில் போகும்போது ஹாரன் சத்தத்துக்கு இவள் அலறுகிறாள், பிள்ளையைக் கிள்ளினேனா என்று சிக்னலில் ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். வீட்டுக்கு வந்தால் குப்பம்மா அக்கா. வசம்பு உரைத்து நாக்கில் தடவியாயிற்று, கோயில் மணியில் தேன் தடவி அதை வழித்துக் கொடுத்தாயிற்று, இனி திருவேற்காட்டில் வேண்டுதலாம். வேண்டிக்கொள்ளட்டும், நானும்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர், சோறு, வலி என்று படம் போட்ட அட்டைகளைத் தெரபியில் கொடுத்தார்கள். அவற்றை அக்கா பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டது. "ஊமைக்குக் குடுக்கறத இன்னாத்துக்கு நம்ம பொண்ணுக்குக் குடுக்கற? நீகூட அஞ்சு வயசு வரைக்கும் பேசாமத்தான் கீந்த" என்கிறது. நான் ஏணி போட்டு எடுத்துவந்தேன். பாவம், அக்காவுக்கும் அவள்மேல் உயிர்தான். நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? அதனால் சண்டையும் போட முடியவில்லை.

வியாழக்கிழமை காவ்யா தண்ணீர் படத்தை எடுத்துவந்து என் முட்டியில் வைத்து அழுத்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நான் கொடுத்தேன், குடித்தாள், போய்விட்டாள். அவ்வளவுதான். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. உன் நம்பரைப் போட்டுவிட்டுக் கட் பண்ணிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். அவளுடைய முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி டாக்டர் நிறையக் கேட்டார். எப்போது முகம் பார்த்துச் சிரித்தாள், விரல் நீட்டி எதையாவது காட்டினாளா, ஏதாவது வார்த்தை சொல்லி அப்புறம் விட்டுவிட்டாளா என்று. அப்போது நீ இங்கே அவளோடு இருந்தாய், நான் டபுள் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன், தூங்குகிற பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறேன். பதினோரு கேள்விக்குத் தெரியாது என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். பெற்ற தகப்பன் இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. வரும் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, உன் ஊர் நேரம், அவரே உனக்குப் போன் செய்வார்.

நீ ஏன் எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலன்று நீ போனை வைப்பதற்கு முன் நான் ஒன்று சொன்னேன். பெத்தவள் பக்கத்தில் இல்லாத பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்றேன். அன்றிலிருந்து நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. போன வருஷம் லீவில் வந்தபோது அவள் உன்னிடம் வராமல் கதவுக்குப் பின்னால் நின்றதை நீ இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதும் தெரியும். டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன், அம்மா வெளிநாடு போனதால் வந்ததா என்று. இல்லை என்றார். வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்க் கேட்டேன். யார் போனதாலும் வந்ததில்லை, பிறந்தபோதே இருந்தது என்றார். அன்று நான் சொன்னது பொய் கார்த்தி. வாயில் வந்ததைப் பேசிவிட்டேன். அதை நீ சுமக்காதே.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு நாள் முழுக்கத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மட்டும் போனை எடு. அவள் கைக்குழந்தையாக இருந்தது உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. டாக்டருக்குச் சொல். முடிந்தால் அப்புறம் எனக்கும் ஒரு தடவை சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். முண்டகக்கண்ணி அம்மன் துணை.

உன்,
டில்லிபாபு