படிமேல் வைத்த பிள்ளையார்

ஸ்ரீவில்லிபுத்தூர்
4.2.1991

தம்பி காசிராஜனுக்கு அக்கா எழுதுவது.

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. என் மகள் வேலுத்தாய் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீச்சர் வேலைக்கு நடந்து போனவள். உன் பாத்திரக்கடைப் படி நடைபாதையை விழுங்கி ரோடு வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கியவளை லாரி தட்டிவிட்டது. "மாமா கடைதானேன்னு ஒண்ணும் சொல்லாமத்தாம்மா தெனமும் எறங்கி நடந்தேன்" என்கிறாள்.

படியை நீயே இடித்துவிடு. இல்லையென்றால் நகராட்சியில் மனுக் கொடுப்பேன்.

செல்லக்கனி

ராஜபாளையம்
19.2.1991

அக்காவுக்கு,

சொன்னபடியே மனுக் கொடுத்துவிட்டாய். கூடப்பிறந்தவளே காட்டிக்கொடுத்தாள் என்று பஜாரே சிரிக்கிறது. ரோட்டில் நடக்கத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிட்டு என் கடையில் கை வைக்கிறாயா? இங்கே எல்லாக் கடைக்காரனும்தான் படியை இழுத்துக் கட்டியிருக்கிறான்.

படிமேல் பிள்ளையார் வைத்துப் பூஜையும் போட்டாயிற்று. அளக்க வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது கடப்பாரையோடு ஆளை அனுப்பிப் பார்.

காசிராஜன்

ராஜபாளையம்
7.10.1991

அன்புள்ள அக்காவுக்கு,

வேலுத்தாய் நடக்கிறாளா? அத்தான் சுகமா?

பிள்ளையாருக்கு இப்போது விழாக்குழு வந்துவிட்டது. டீக்கடைச் சங்கையாதான் தலைவர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தகரக்கொட்டகை போட்டுக் கடை வாசலை அடைத்துவிட்டார்கள். சேத்தூர் பஸ்காரர்கள் அங்கேயே நிறுத்திக் கும்பிடுகிறார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒரு குடத்துக்கு விலை சொல்ல முடியவில்லை. வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று சங்கையாவிடம் கேட்டால், "நீரு வச்சீரு, சரி. இப்ப அது ஊருச் சாமி. கைய வச்சுப் பாரும்" என்கிறார்.

உன் மனு இன்னும் ஆபீசில் இருக்கிறதாம். நீ நேரில் வந்து வற்புறுத்தினால் நடவடிக்கை எடுப்பார்களாம். தம்பிக்காக இதைச் செய்.

உன் தம்பி
காசிராஜன்

ஸ்ரீவில்லிபுத்தூர்
15.10.1991

காசிராஜனுக்கு,

வேலுத்தாய் கம்பு ஊன்றி நடக்கிறாள். வேலை போய்விட்டது. இதைக் கேட்க உனக்கு இத்தனை மாதம் ஆயிற்று, அதுவும் உன் வாசல் அடைபட்ட பிறகு.

நகராட்சிக்கு வருவேன். உனக்காக இல்லை. பிள்ளையாரைப் பக்கத்துக் கோவிலில் மரியாதையாக வைக்கச் சொல்வேன். கொட்டகையோடு படியும் போக வேண்டும். சம்மதம் என்று நீ முதலில் எழுதிக் கொடு. அதுவரை பஸ் ஏற மாட்டேன்.

இடிக்கிற அன்றைக்கு வேலுத்தாயைக் கூட்டி வருகிறேன். ரோட்டில் இறங்காமல் அந்த இடத்தை ஒரு தடவை நடந்து கடக்க வேண்டும் என்கிறாள். நீ கடைக்குள்ளேயே இரு. வாசலுக்கு வந்து எங்களை "வாங்க" என்று கூப்பிடாதே.

செல்லக்கனி